பிராஸை எடுத்த பிறகு கேட்ட ஆர்கன்: ‘சூப்பர் செஷன்’ சிடி, 2003 பதிப்பு

எனக்கு வேண்டியது பத்தாவது தடத்தில் இருந்தது. முதல் ஒன்பதும் 1968இல் அல் கூப்பரும் நண்பர்களும் வாசித்து வந்த ‘சூப்பர் செஷன்’ எல்.பி.யில் உள்ளவைதான், அந்த எல்.பி. என்னிடம் ஏற்கெனவே உண்டு. செகண்ட் ஹாண்டில் வாங்கியது. கீறலே இல்லை என்று சத்தியம் பண்ணி விற்றார்கள். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஊசி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், நான் எழுந்துபோய்த் தள்ளிவிட வேண்டும். அந்த எரிச்சலில்தான் சிடியை வாங்கினேன். இதில் கூடுதலாக நான்கு தடங்கள். முதலாவது, ‘ஆல்பர்ட்ஸ் ஷஃபிள்’ பாட்டிலிருந்து பிராஸ் (டிரம்பெட் மாதிரி ஊதுகருவிகள்) முழுவதையும் எடுத்துவிட்டு மறுபடி மிக்ஸ் செய்தது. வாங்கின அன்று ராத்திரி அதை மட்டும் ஆறு தடவை கேட்டிருப்பேன்.

நான் கீபோர்டு வாசிப்பவன். மேடையில் என் இடம் பாடகருக்குப் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில். என்னைக் கேட்பதற்கென்று இதுவரை யாரும் டிக்கெட் வாங்கியதில்லை. அதனால் எந்தப் பாட்டைப் போட்டாலும் என் காது நேராகப் பின்வரிசைக்குப் போய்விடும். இந்த விமர்சனமும் அந்தக் காதால் எழுதியதுதான். கிட்டார் பைத்தியங்கள் மன்னிக்கவும்.

ஆல்பத்தின் நாயகர் அல் கூப்பர். அவர் ஆர்கன்காரர் ஆனதே ஒரு தில்லுமுல்லு. 1965 ஜூன் 16, நியூயார்க், கொலம்பியா ஸ்டுடியோ. பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ பதிவு. 21 வயது கூப்பரை வேடிக்கை பார்க்கத்தான் கூப்பிட்டிருந்தார் தயாரிப்பாளர் டாம் வில்சன். எப்படியாவது வாசித்துவிடலாம் என்று இவர் கிட்டாரோடு போனார். கிட்டார்காரர் மைக் புளூம்ஃபீல்ட் வந்து கை பழக்க நாலு சுரம் தட்டியதைக் கேட்டதும் கிட்டாரை உறைக்குள் போட்டு மூடிவிட்டார். பிற்பாடு, ஆர்கனில் இருந்த பால் கிரிஃபின் பியானோவுக்கு மாற, காலியான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஹாமண்ட் என்ற அந்த மின் ஆர்கன் பட்டனைத் தட்டினால் பாடுகிற சாமான் இல்லை. ‘ஸ்டார்ட்’ சுவிட்சைச் சில நொடி பிடித்திருந்து உள்ளே மோட்டார் வேகம் எடுத்ததும் ‘ரன்’ சுவிட்சைப் போட வேண்டும். கூப்பருக்கு அது தெரியாது. கிரிஃபின் அணைக்காமல் எழுந்து போயிருந்தார், அதுதான் பிழைத்தது.

அந்தப் பாட்டை இப்போது போட்டுக் கேளுங்கள். ஆர்கன் எல்லாரையும்விட ஒரு இழை பின்னால் வரும். மற்றவர்கள் எந்தக் கார்டுக்கு, அதாவது எந்தச் சுரக்கூட்டத்துக்கு, போகிறார்கள் என்று கேட்டுவிட்டு அங்கே விரலை வைக்கிறார். பதிவைப் போட்டுக் கேட்டபோது டிலன் ஆர்கன் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். அவன் ஆர்கன்காரனே இல்லை என்றார் வில்சன். இருந்தாலும் கூட்டச் சொன்னார் டிலன். தெரியாமையால் வந்த அந்தத் தாமதத்தை அப்புறம் எத்தனை பேர் தெரிந்தே வாசித்தார்கள்! நானும்தான்.

மூன்றே வருஷத்தில் கூப்பர் ‘பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்’ குழுவைத் தொடங்கி, ஒரு ஆல்பம் போட்டு, அதைவிட்டு வெளியே வந்து, கொலம்பியாவில் தயாரிப்பாளர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். 1968 மே மாதம் புளூம்ஃபீல்டைக் கூப்பிட்டு லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு நாள் ஸ்டுடியோ பிடித்தார். ஹார்வி புரூக்ஸ் பேஸ் கிட்டார், எடி ஹோ டிரம்ஸ். ஜாஸ்காரர்கள் செய்வது மாதிரி உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போகலாம் என்பது திட்டம். முதல் நாள் முடிந்தது. இரண்டாம் நாள் காலை புளூம்ஃபீல்டைக் காணோம். தூக்கம் வரவில்லை, ஊருக்குப் போகிறேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். கூப்பர் போனை எடுத்து ஆள் தேடி இன்னொரு கிட்டார்காரர் ஸ்டீபன் ஸ்டில்ஸைப் பிடித்தார். எல்.பி.யின் முதல் பக்கம் புளூம்ஃபீல்ட், இரண்டாம் பக்கம் ஸ்டில்ஸ் என்று பிரிந்தது இப்படித்தான். அவசர ஒட்டுவேலையாகப் பிறந்த இந்த ஆல்பம் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் 12ஆம் இடம் வரை ஏறி, விற்பனைக்கான தங்கத் தட்டும் வாங்கியது.

பத்தாவது தடத்துக்கு வருகிறேன். எல்.பி.யில் வந்த வடிவத்தில், பின்னால் சேர்த்த பிராஸ் அடுத்தடுத்து வந்து முட்டும். நன்றாக எழுதிய பிராஸ்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆர்கன் வாழ்கிற இடமும் அதே இடம். பிராஸ் போனதும் கீழே ஒரு தளம் தெரிகிறது. நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவர் போல ஆர்கன் ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கிட்டார் மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டு சுரம் சொல்லிவிட்டுத் திரும்பப் போய் நிற்கிறது.

நிற்பது சுலபம் என்று தோன்றும். ஹாமண்டில் விசையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். உள்ளே 91 பல்சக்கரங்கள் காந்தங்களுக்கு முன்னால் சுழன்றபடி இருக்கும். விசை அவற்றின் சத்தத்தைத் திறந்துவிடுவதோடு சரி. ஏற்ற இறக்கம் வலது காலில் இருக்கும் பெடலில். குரலின் நிறம் ஒன்பது டிராபார்களில், அதாவது இழுத்துத் தள்ளும் கட்டைகளில். ஆர்கனோடு இணைக்கும் லெஸ்லி ஸ்பீக்கரில் மேலே ஒரு குழலும் கீழே ஒரு உருளையும் சுற்றும். மெதுவாகவா வேகமாகவா என்பது ஒரு சுவிட்சு. ஆக, ஒரே கார்டைப் பிடித்திருக்கும்போதும் உணர்ச்சிக்குக் கால், டிராபார், சுவிட்சு மூன்றும் வேலை செய்ய வேண்டும். பிராஸ் இல்லாத மிக்ஸில் அந்தக் கால் பெடல் மூச்சு விடுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் இது வராது.

கூப்பர் தனி வாசிக்கும் இடங்கள் எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. ஜாஸ் ஆர்கன்காரர் ஜிம்மி ஸ்மித் போல விரல் ஓடுகிறவர் இல்லை, அவரே அப்படிப் பாசாங்கு பண்ணுவதும் இல்லை. அடுத்தவர் வாசிக்கும்போது எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதில்தான் அவர் கெட்டிக்காரர். பதினோராவது தடத்தில், பதினோரு நிமிஷத்தைத் தாண்டி ஓடும் ‘சீசன் ஆஃப் தி விட்ச்’ பாட்டின் பிராஸ் இல்லாத வடிவத்தில், இது இன்னும் நன்றாகத் தெரியும். ஸ்டில்ஸின் வா-வா கிட்டார் எவ்வளவு அலைந்தாலும் ஆர்கன் பதறவில்லை.

குறைகள் உண்டு. ‘யூ டோன்ட் லவ் மீ’ பாட்டு முழுக்க ஏதோ விமானம் தலைக்கு மேல் போவது மாதிரி ஒரு எஃபெக்ட். 1968இல் புதுமையாக இருந்திருக்கும், இப்போது பல் கூசுகிறது. ஒன்பது நிமிஷத்துக்கு மேல் போகும் ‘ஹிஸ் ஹோலி மோடல் மெஜஸ்டி’யில் கூப்பர் ஆன்டியோலீன் என்ற பழைய மின்விசை வாத்தியத்தை வாசிக்கிறார். நல்ல ஆசைதான், ஆனால் கிட்டார் உள்ளே வரும்வரை பொறுமை வேண்டும்.  கூப்பரின் குரலும் என்னை அசைக்கவில்லை. புளூம்ஃபீல்ட் வாசிக்கும் பக்கம் பாடுவதே குறைவு என்பதில் எனக்குச் சந்தோஷம்.

இன்னொருவரைச் சொல்லாமல் விட்டால் பின்வரிசைக்குத் துரோகம். முதல் இரண்டு தடங்களில் எலெக்ட்ரிக் பியானோ வாசிப்பவர் பாரி கோல்ட்பெர்க். சிகாகோக்காரர், புளூம்ஃபீல்டின் பழைய சிநேகிதர், அவரே நல்ல ஆர்கன்காரர். 1965 ஜூலை நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் டிலன் மின்கிட்டாரோடு மேடையேறியபோது இவரும் கூடவே வாசித்தார். கிளாடிஸ் நைட் பாடிப் பிரபலமான ‘ஐவ் காட் டு யூஸ் மை இமேஜினேஷன்’ பாட்டை ஜெரி கோஃபினோடு சேர்ந்து எழுதியதும் இவர்தான். 2025 ஜனவரியில் காலமானார். எல்.பி.யில் அவர் வாசிப்பதே எனக்குப் பல வருஷம் தெரியாது. பத்தாவது தடத்தில் பிராஸ் போன இடத்தில், ஆர்கனுக்கும் கிட்டாருக்கும் நடுவே, அந்த எலெக்ட்ரிக் பியானோ உட்கார்ந்திருக்கிறது.