640 டொலரையும் வாங்கி, சிற்பத்தையும் அழித்த வார்ப்புப் பட்டறை: ஓர் எச்சரிக்கை

சிறிய சிற்பங்களைச் செய்து, அவற்றுக்கு அச்செடுத்து ரெசினில் படிகள் வார்க்க வெளியாரிடம் கொடுப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகக் கோபம் ஆறும் முன்பே எழுதுகிறேன். ரொறொன்ரோவின் புறநகர் ஒன்றில், தொழிற்கூடங்கள் வரிசையாக உள்ள கட்டடத்தில் இயங்கும் ஒரு வார்ப்புப் பட்டறை, என்னிடம் 640 டொலரையும் முற்பணமாகவே வாங்கிக்கொண்டு, பேசிய இருபது படிகளில் ஒன்றைக்கூட வார்த்துத் தராமல், மூலச் சிற்பத்தையும் நாசமாக்கித் திருப்பித் தந்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்ற ஆலோசனைகளை இறுதியில் சுருக்கமாகத் தருகிறேன்.

நான் செய்திருந்தது, பத்தில் ஒரு பங்கு அளவில், குழந்தையைச் சுமக்கும், ஆர்க்டிக் பகுதிப் பழங்குடியான இனுயிட் தாயின் மார்பளவுச் சிற்பம். அமௌத்தி எனப்படும் அவர்களது மேலங்கியில் குழந்தைக்கான பை முதுகுப்புறத்தில் தைக்கப்பட்டிருக்கும்; தாயின் முதுகோடு ஒட்டி அவளது உடற்சூட்டிலேயே குழந்தை இருக்க, அகன்ற தலைமூடி இருவரையும் சேர்த்து மறைக்கும். குழந்தையை வெளிக்குளிரில் எடுக்காமல் அங்கிக்குள்ளேயே முன்பக்கம் திருப்பிப் பால் கொடுப்பதற்காகத்தான் தோள்கள் அவ்வளவு தாராளமாக வெட்டப்படுகின்றன. இந்தத் தோள்களைக் கவனிக்காமல் இரண்டு முகங்களை மட்டும் அழகாகச் செய்தால் அது நினைவுப்பொருட் கடைப் பொம்மையாகிவிடும் என்பது என் கருத்து. உறைபனி எளிதில் ஒட்டாத, வுல்வரின் என்னும் விலங்கின் ரோமத்தைத் தலைமூடியின் விளிம்பில் இழை இழையாகக் கீறியிருந்தேன். தாயின் நாடியில், துன்னீட் என்னும் பச்சைகுத்தல் கோடுகளை ஊசிமுனையால் இட்டிருந்தேன்.

கிங்கைட் போன்ற இனுயிட் ஊர்களில் செர்ப்பன்டைன் கல்லைச் செதுக்குபவர்கள் தாயையும் சேயையும் பெரும்பாலும் ஒரே திரளாகவே விட்டுவிடுவார்கள். நானோ குழந்தையின் கன்னத்துக்கும் தலைமூடிக்கும் இடையில் ஒடுங்கிய இடைவெளி விட்டிருந்தேன். அச்சு அங்கேதான் சிக்கிக் கிழியும் என்பதால், அனுபவமுள்ளவர்களிடம் கொடுப்பதே நல்லது என்று முடிவு செய்தேன்.

பட்டறை உரிமையாளர் நம்மவர். சிற்பத்தை விளக்கின் கீழ் மெதுவாகச் சுழற்றிப் பார்த்தவர், குழந்தையின் மூக்கடியில் காற்றுக்குமிழ் தங்கும், ஆகவே தலைகீழாக வைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று நான் கேட்காமலேயே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் அவரை முழுமையாக நம்பிவிட்டேன். தொழில் தெரியாதவர் அப்படிச் சொல்ல மாட்டார். சிற்பம் கந்தகம் கலந்த, பிளாஸ்டிசின் என்னும் கடினமான எண்ணெய்க் களிமண்ணில் செய்யப்பட்டது என்பதை மின்னஞ்சலில் எழுதியிருந்ததோடு, நேரிலும் சொன்னேன். அச்செடுக்க ஊற்றும் சிலிக்கோன்களில், இறுகவைக்கும் ஊக்கியாகப் பிளாட்டினத்தைக் கொண்ட வகை கந்தகத்தைத் தொட்டால் அந்த ஊக்கி செயலிழந்து, தொட்ட பரப்பெல்லாம் இறுகாமல் பிசின்போல் நின்றுவிடும்; இத்தகைய களிமண்ணுக்கு வெள்ளீய வகைதான் பாதுகாப்பானது. "இது எங்களுக்குத் தெரியாதோ அண்ணை? வெள்ளீயம்தான் போடுவம், பயப்பிடாதேங்கோ" என்று சிரித்தார். பிறகு கடனட்டை இயந்திரம் பழுதென்று கூறி, 640 டொலரை வங்கிக் கணக்கிலிருந்து மின்-பரிமாற்றமாக அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

சொன்ன நாளில் அழைத்தபோது தொழிலாளி விடுமுறை என்றார்கள். அடுத்து, காற்றில் ஈரப்பதம் அதிகம் என்றார்கள். அதன்பின் தொலைபேசியே எடுக்கப்படவில்லை. நேரில் போனபோது ஒரு பிளாஸ்டிக் பெட்டியை நீட்டினார்கள். உள்ளே, இறுகாத சிலிக்கோன் அப்பிய என் சிற்பம், ஏதோ கரைப்பானால் துடைக்கப்பட்டு முகம் மழுங்கிக் கிடந்தது. நாடிக் கோடுகள் இல்லை, ரோம விளிம்பு இல்லை, குழந்தையின் மூக்கு இருந்த இடத்தில் ஒரு சரிவு மட்டும் இருந்தது.

உரிமையாளர் என் களிமண்ணைக் குறை சொன்னார். அதற்குச் சான்றாக அவரே அனுப்பிய படத்தில், மேசைமேல் இருந்த சிலிக்கோன் வாளியில் பிளாட்டினம் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது! அதைச் சுட்டிக்காட்டியதும் கதை மாறியது: சிற்பம் தன்னிடம் வந்தபோதே மழுங்கித்தான் இருந்ததாம். 640 டொலரைக் கேட்டபோது, பொருட்செலவு ஆகிவிட்டது, அடுத்த வேலையில் பதினைந்து வீதம் கழித்துத் தருகிறேன் என்று பதில் வந்தது. இவரிடம் அடுத்த வேலையை யார் கொடுப்பார்கள்? கடைசியாக என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

விரிவான ஆலோசனை எழுதும் நிலையில் நான் இப்போது இல்லை. கடனட்டையில் மட்டும் கட்டுங்கள். அதில் வங்கியிடம் முறையிட வழியுண்டு, ஏற்றுக்கொள்ளப்பட்ட மின்-பரிமாற்றத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். எந்தவகைச் சிலிக்கோன் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அதே களிமண்ணில் ஓர் உருண்டையைக் கொடுத்து முதலில் அதில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கமும் படமெடுத்து வையுங்கள். என்னிடம் அப்படங்கள் உள்ளன. 640 டொலருக்காகச் சிறு கோரிக்கை நீதிமன்றப் படிவத்தோடு அவற்றை இணைத்துக்கொண்டிருக்கிறேன்.