டிடிஎஃப் பிரின்ட் போடுகிறவர்கள் கவனிக்க: ‘ஓட்டோமெட்டிக்’ என்று சொல்லி 85,000 ரூபா வாங்கிவிட்டார்கள்

மலையகத்தில் டிடிஎஃப் (படத்தைப் பிலிமில் அடித்து டீ-ஷர்ட்டில் ஒட்டுகிற பிரின்ட்) வேலை செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு, புதிதாக மெஷின் வாங்கப் போகிற தம்பிமாருக்கும் அனுப்புங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 85,000 ரூபா. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

ஹட்டன் டவுனில் எனக்குச் சின்னக் கடை. மக், பெனர், டீ-ஷர்ட். தோட்டத்துக் கிரிக்கெட் டீம், பாடசாலை விளையாட்டுப் போட்டி, சிவனொளிபாதமலை சீசனுக்குக் கும்பலாகப் போகிற பொடியன்கள், மே தினம், இப்படித்தான் ஓர்டர் வரும். பிரின்ட் போடுவது தலைவலியே இல்லை. பிலிமில் அடித்து, பசைப் பவுடர் போட்டு, சூடாக்கி, துணியில் வைத்து அழுத்தினால் முடிந்தது. தலைவலி படம். போன வருஷத்து பெனரை போனில் படம் பிடித்து, அதை வட்ஸ்அப்பில் நாலு பேருக்குச் சுற்றவிட்டு, கடைசியில் என்னிடம் அனுப்பி “அண்ணே இதையே போட்டுடுங்க” என்பார்கள். பின்னணியை வெட்டி, பெரிதாக்கி, விளிம்பைச் சுத்தம் செய்து, நிறத்துக்கு அடியில் போகிற வெள்ளை லேயர் சரி பார்த்து, பிலிமில் இடம் வீணாகாமல் அடுக்கி முடிக்க ராத்திரி ஆகிவிடும்.

இந்த வேலையை எல்லாம் தானாகச் செய்கிற ஒரு ‘பெக்கேஜ்’ இருக்கிறது என்று விளம்பரம் பார்த்தேன். கொழும்புப் பக்கம் டிடிஎஃப் மெஷின், மை, பிலிம் எல்லாம் விற்கிற ஒரு கடை. பெயர் சொல்லவில்லை, ஏன் என்பது கடைசியில்.

கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று பஸ்ஸில் ஆடி ஆடிப் போய் இறங்கினேன். ஏசி போட்ட ஷோரூம். நல்ல தமிழில் பேசுகிற ஒருவர் வந்தார். “ஹட்டனா? எங்கம்மா பதுளைதான் அண்ணே” என்றார். அங்கேயே எனக்குப் பாதி மனசு இளகிவிட்டது. டீ வந்தது, பிஸ்கட் வந்தது. லெப்டொப்பைத் திறந்து, ஒரு புலிப் படத்தை ஒரு போல்டருக்குள் இழுத்துப் போட்டார். கண் முன்னாலேயே பின்னணி போனது, படம் பெரிதானது, வெள்ளை லேயர் வந்தது, அதே படம் எட்டாகப் பிலிமில் அடுக்கி நின்றது. பக்கத்தில் மெஷின் தானாகவே அடிக்கத் தொடங்கியது. அடித்ததைக் கறுப்பு டீ-ஷர்ட்டில் அழுத்தி என் கையிலேயே தந்தார். விளிம்பு கத்தியால் வெட்டினது போல இருந்தது. “நீங்க படத்தப் போட்டுட்டு டீ குடிக்கப் போங்க, வரும்போது பிரின்ட் ஆகியிருக்கும். நம்ம மலையகத்து ஆள்க முன்னேறணும் அண்ணே, அதுக்காகத்தான் இந்த விலை” என்றார்.

அந்த விலை 85,000 ரூபா. அரைவாசி இப்போது தருகிறேன், ஊருக்குப் போய் ஓட்டிப் பார்த்து மீதி தருகிறேன் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, “இன்னிக்கு முழுசா கட்டினா 85,000, நாளைக்கு 110,000 அண்ணே, ஒபர் முடியுது” என்றார். என் படம் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னதற்கு, “இந்த லெப்டொப் டெமோவுக்கு மட்டும், வெளிப் படம் ஏத்த முடியாது, உங்க கடைல எல்லாம் ஓடும்” என்று என் தோளில் கை வைத்தார். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அங்கேயே போனில் காசை மாற்றினேன். ஒரு பென் டிரைவும் கையால் எழுதின பில்லும் தந்தார்கள்.

சித்திரைப் புத்தாண்டு மெட்ச் ஓர்டர் வந்தது. தலவாக்கலைப் பக்கத் தோட்டம் ஒன்று, 60 கறுப்பு டீ-ஷர்ட். ரெண்டு இலை ஒரு கொழுந்து, குறுக்கே ஒரு பேட், கீழே ‘நண்பர்கள்’ என்ற எழுத்தோடு டீம் பெயர். போல்டரில் போட்டேன். மெஷின் தானாக அடித்தது, அதில் குறை இல்லை.

பிலிமைத் தூக்கிப் பார்த்தால் ‘நண்பர்கள்’ இல்லை, ‘நணபரகள’ இருக்கிறது. மூன்று புள்ளியையும் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டது. ‘ண’வின் சுழி எல்லாம் அடைந்துபோய்க் கட்டியாக நிற்கிறது. கொழுந்தின் காம்பைக் காணோம். துணியில் அழுத்தினால் எழுத்தைச் சுற்றி, இலையைச் சுற்றி, எங்கும் வெள்ளைக் கோடு. ஓர்டர் தந்த தம்பி வந்து பார்த்துவிட்டு, “என்னண்ணே, லயத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு” என்றான்.

கடைக்குப் போன் அடித்தேன். எனக்கு விற்ற அதே ஆள்தான், முதலில் நன்றாகத்தான் பேசினார். “கேக் சுடுற பேக்கிங் பேப்பர் வச்சு ரெண்டாவது தடவ அழுத்துங்க, வெள்ளை மறைஞ்சிடும்.” அவர் பேச்சை நம்பி அழுத்தியதில் ஒரு டசன் டீ-ஷர்ட் போனது. வெள்ளை மறையவே இல்லை. மறுபடி அடித்தால், “உங்க பிலிம் லோக்கல், நம்மகிட்ட வாங்குங்க.” பிலிமே அவர்களிடம் வாங்கினதுதான் என்றேன். அப்படியா என்று ஒரு இடைவெளி விட்டு, “உங்க ஊர்ல பனி, ஈரம் ஜாஸ்தி அண்ணே, அதுதான்.”

ஈரத்தில் பவுடர் கட்டி பிடிக்கும், மை இல்லாத இடத்திலும் ஒட்டும். அது உண்மை. ஹட்டனில் தொழில் செய்கிற எனக்கு அவர் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பவுடர் போடுவதற்கு முன்னாலேயே பிலிமில் அந்த வெள்ளை விளிம்பு இருக்கிறது. அதுவும் போகட்டும், அந்தப் பெக்கேஜ் செய்து தந்த படத்தைப் போட்டோஷொப்பில் திறந்து பின்னால் ஒரு கறுப்பு லேயர் வைத்தால் திரையிலேயே தெரிகிறது. திரைக்குள்ளுமா பனி விழுகிறது?

தங்கச்சி மகன் கம்பியூட்டர் படிக்கிறவன். பென் டிரைவில் இருந்ததைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். “மாமா, இதுல சொந்தமா ஒண்ணுமே இல்ல.” இணையத்தில் பின்னணி நீக்கித் தருகிற ஒரு சேவையின் இலவசக் கணக்கு. அப்புறம் போட்டோஷொப்பில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பத் தானாகச் செய்ய யாரும் பதிவு செய்துகொள்ளக்கூடிய ஒரு அக்‌ஷன். இரண்டையும் இணைக்கிற ஒரு துண்டு புரோகிராம். இவ்வளவுதான் 85,000 ரூபா.

அந்த இலவசக் கணக்கு படத்தை முழு அளவில் திருப்பித் தராது, 500க்கு 500 பிக்சலாகச் சுருக்கித் தரும். நெஞ்சில் 28 செ.மீ. அகலத்துக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அடிக்க 3,300 பிக்சல் வேண்டும். 500ஐ அந்த அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 45 புள்ளிதான் மிஞ்சும். அதை ‘300 டிபிஐ’ என்று பெயர் போட்டுப் பெரிதாக்கிவிடுகிறது.

வெள்ளைக் கோடு வந்த கதையும் அதுதான். சின்னப் படத்தின் விளிம்பில் ஒன்றிரண்டு பிக்சல் அரைகுறையாக ஒளி ஊடுருவுகிற மாதிரி இருக்கும். ஆறேழு மடங்கு இழுத்தால் அது பத்துப் பிக்சலுக்கு மேல் அகலமாகி, கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் பட்டையாகிவிடும். என் மெஷினின் ரிப் மென்பொருள் (படத்தை மை வாரியாகப் பிரித்து மெஷினுக்குக் கொடுப்பது), துளியாவது நிறம் இருக்கிற இடத்துக்கெல்லாம் அடியில் வெள்ளை மை வைக்கும். ஆக அந்தப் பட்டை முழுக்க வெள்ளை. சரியாகச் செய்கிறவன் என்ன செய்வான்? அரைகுறைப் பிக்சலை ஒன்று முழுதாக்குவான், இல்லை அழிப்பான். புகை, ஒளிவட்டம் மாதிரி மங்கிப் போகிற இடங்களைப் புள்ளிப் புள்ளியாக மாற்றுவான். வெள்ளை லேயரை ரெண்டு மூன்று பிக்சல் உள்ளே சுருக்குவான். அந்தப் பென் டிரைவில் இதில் ஒன்றுகூட இல்லை. டெமோவில் ஓடின புலி ஏற்கனவே சுத்தம் செய்து வைத்த படம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் எழுதி, படத்தோடு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. போன் அடித்தால் ஒரு பிள்ளை எடுத்து “சேர் மீட்டிங்ல” என்கிறது. அப்புறம் “டெக்னீசியன் சைனா போயிருக்காரு.” அப்புறம் “அப்டேட் வரும், வெயிட் பண்ணுங்க.” எனிடெஸ்க்கில் (தூரத்தில் இருந்தே நம் கம்பியூட்டரைப் பார்க்கிற மென்பொருள்) வந்து பார்க்கிறேன் என்று ஒருநாள் நேரம் குறித்தார்கள், கடையை மூடாமல் உட்கார்ந்திருந்தேன், யாரும் வரவில்லை. காசைத் திருப்பித் தாருங்கள் என்றதும் குரல் மாறிவிட்டது. “சொப்ட்வெயருக்கு ரிபண்ட் கிடையாது, பில்ல பாருங்க.” எடுத்துப் பார்த்தேன். ‘சேர்விஸ் – 85,000’ என்று மட்டும் இருக்கிறது. மென்பொருள் என்ற சொல்லே இல்லை! பதுளை அம்மாவின் மகன் இப்போது என் நம்பரை புளொக் செய்துவிட்டார். ராத்திரி ராத்திரியாக நானே கையால் வெட்டி, புறக்கோட்டையில் மறுபடி டீ-ஷர்ட் எடுத்து, விலையையும் குறைத்து அந்த ஓர்டரை முடித்தேன். அந்தச் செலவு இந்த 85,000 ரூபாவில் சேராது, அது தனி.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. உங்கள் படத்தை, வட்ஸ்அப்பில் வந்த மோசமான படத்தை, தமிழ் எழுத்தோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெளியே வருகிற படம் எத்தனை பிக்சல் என்று பாருங்கள், டிபிஐ எண்ணை நம்பாதீர்கள். கறுப்பு லேயரை வைத்துப் பாருங்கள். பில்லில் மென்பொருளின் பெயர், எத்தனை மாதம், ஓடாவிட்டால் என்ன என்று எழுதி வாங்குங்கள். நுகர்வோர் விவகார அதிகார சபையின் இலக்கம் 1977. வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். வட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

என் முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன். அது ஒரு முடிவுக்கு வரும் வரைக்கும் கடை பெயர் சொல்லமாட்டேன், இன்பொக்ஸில் வந்து கேட்காதீர்கள். அதே பெக்கேஜை வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் மட்டும் பில்லின் படத்தோடு எழுதுங்கள், சேர்த்துக் கொடுக்கலாம்.