சூரியன் ராத்திரி 9.28க்கு மறைந்தது: சேலத்தில் கேமரா வாங்கி ஏமாந்த கதை

போன கார்த்திகையில் ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று நான் எடுத்த படத்தில் சூரியன் ராத்திரி 9.28க்கு மறைகிறது. படத்தின் விவரத்தைத் தட்டிப் பார்த்த மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். கேமராவுக்கு 43,500 ரூபாய் கொடுத்தேன் என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

பொங்கல் லீவில் ஹம்பி போக ஏற்பாடு. போன் இருக்கும்போது கேமரா எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வெளிச்சம் மங்கினால் என் போன் கல்லையும் முகத்தையும் ஒன்றாக வழித்துவிடுகிறது. பெரிய கேமராவையும் லென்ஸ் பையையும் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்கத் தோளில் தெம்பில்லை. பேன்ட் பாக்கெட்டுக்குள் போகிற மாதிரி வேண்டும் என்று தேடியதில் சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் மூன்றாவது மாடல் மனதில் உட்கார்ந்துவிட்டது. 2014இல் வந்தது. பேட்டரியோடு 290 கிராம். கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் மேலே குதித்து வரும். வெளிச்சத்தைப் படமாகப் பதிகிற சென்சாரை ஒரு இஞ்ச் என்பார்கள். அது வெறும் பேர், உண்மையில் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். இருந்தாலும் சாதாரண குட்டிக் கேமராவின் சென்சாரைவிட நாலு மடங்கு பரப்பு. இருட்டில் படம் தேறுவது அதனால்தான். ஜூம் மட்டும் குறைச்சல், 24 முதல் 70 மில்லிமீட்டர் வரை, அதாவது மூன்று மடங்குக்குக் கிட்டத்தான். தூரத்தில் மேயும் காட்டெருமையைப் பிடிக்க நினைப்பவர்கள் இதை வாங்கவே கூடாது. எனக்குக் கோபுரமும் குடும்பமும் போதும்.

ஆக, தேர்வில் தப்பில்லை. வாங்கின இடத்தில்தான் தப்பு.

டவுனில் ஒரு மாடிக் கடை. பேர் வேண்டாம். வாட்ஸ்அப்பில் கேட்டதுமே படமும் விலையும் அனுப்பி, "புது பீஸ், ஒரு வருஷ வாரண்டி" என்று எழுதியிருந்தார்கள். நேரில் போனபோது முதலில் ஏதோ பேர் தெரியாத கேமராவை எடுத்துவைத்து, "நாற்பத்தெட்டு மெகாபிக்சல், பதினாறு மடங்கு ஜூம், ஆறாயிரம்தாங்கண்ணா" என்றார் கடைக்காரர். பதினாறும் டிஜிட்டல் ஜூம். படத்தை வெட்டிப் பெரிதாக்குகிற வேலை, அதை நம் போனே செய்யும். இதைச் சொன்னதும் "நீங்க விவரமான ஆளுங்கண்ணா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

பெட்டி வந்தது. பளபளவென்று பிளாஸ்டிக் தாள் சுற்றிய சீல். ஆன் செய்து பார்க்கலாமா என்றேன்.

"பார்க்கலாங்கண்ணா, ஆனா சீல் உடைச்சா நீங்க எடுத்தே ஆகணும். சார்ஜும் இருக்காது. வீட்ல போட்டுப் பாருங்க, நான் எங்க ஓடிறப் போறேன்?"

பில் கேட்டேன். ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் கூடும் என்றார். பத்தாயிரம் யுபிஐயில், மீதி ரொக்கமாக வாங்கிக்கொண்டு ஒரு எஸ்டிமேட் சீட்டு கிழித்துக் கொடுத்தார். அதில் 'கேமரா 1' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. சீரியல் நம்பர் இல்லை, கடை முத்திரைகூட இல்லை. பத்து வருஷத்துக்கும் மேலான மாடல் சீல் பிரியாமல் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்கவும் தோன்றவில்லை.

வீட்டில் பிரித்தால் சார்ஜர் முள் இரண்டும் தட்டை. நம் ஊர் பிளக்குக்கு உருண்டை முள் வேண்டும். பெட்டியில் இறக்குமதியாளர் பேர், முகவரி, எம்ஆர்பி போட்ட ஸ்டிக்கர் எங்கேயும் இல்லை. சட்டப்படி வந்த சரக்கு என்றால் அது கட்டாயம் இருக்க வேண்டும். ஆன் செய்தேன். மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து. மொழி மாற்றும் இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், அந்த வரியே இல்லை. ஜப்பான் உள்ளூர் விற்பனைக்கான சோனி கேமராக்கள் இப்படித்தான் வரும், வேறு மொழி இருக்காது என்று பிறகுதான் தெரிந்தது. கடைக்குப் போன் போட்டால் "அப்டேட் பண்ணிடலாங்கண்ணா" என்றார். பண்ண முடியாது.

அப்போதும் புத்தி வரவில்லை. போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து கேமரா திரைமேல் பிடித்துப் படித்துக்கொண்டே ஒரு வாரம் ஓட்டினேன். போன் வேண்டாம் என்று கேமரா வாங்கி, அந்தக் கேமராவைப் படிக்கப் போன். மகள் பெட்டி மூலையில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பூனை வரைந்து, இது ஜப்பான் பூனை என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போனதில்தான் மீதியும் வெளுத்தது. வானம் வருகிற படத்தில் எல்லாம் வலது மேல் மூலையில் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி. வெளிச்சம் நுழைகிற லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்8 அளவில் எடுத்தால் இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. லென்ஸ் துடைத்தும் போகவில்லை, தூசு உள்ளே சென்சார்மேல். இந்த ரகக் கேமராவில் லென்ஸ் நீண்டு மடங்கும்போது காற்றோடு தூசையும் இழுக்கும். லென்ஸைக் கழற்ற முடியாது, உடம்பையே பிரித்தால்தான் சுத்தம் செய்யலாம். முதல் படத்தின் கோப்பு எண் ஒன்றில் தொடங்கவில்லை, ஆறாயிரத்துச் சொச்சம். நேரம்தான் இன்னும் வேடிக்கை. புதுக் கேமரா முதல் தடவை ஆன் செய்ததும் தேதி கேட்கும். இது கேட்கவே இல்லை, டோக்கியோ நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம். 5.58 மணிச் சூரியன் 9.28க்கு மறைந்த மர்மம் அதுதான். அடிப்பாகத்து சீரியல் நம்பரும் பெட்டி நம்பரும் வேறு வேறு என்பதை மச்சான் கண்டுபிடித்தான்.

கடையில் "சீல் உடைச்சிட்டீங்களே" என்று ஒரே பாட்டு. வாரண்டி என்றால் "கடை வாரண்டிங்கண்ணா, ரிப்பேர்னா கொண்டாங்க." திருப்பி எடுத்தால் 22,000 தருவாராம்.

1915க்கு அழைத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். பில் இல்லாதது பெரிய ஓட்டைதான். ஆனால் யுபிஐ பதிவும், "புது பீஸ்" என்று அவர்களே எழுதிய வாட்ஸ்அப்பும் கையில் இருந்தன. புகார் எண் வந்ததும் அதைக் கடைக்காரருக்கு அனுப்பி, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் என்றேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வாங்கி இரண்டு வருஷத்துக்குள் போகலாம் என்பதையும் சேர்த்து எழுதினேன். நாலு நாள் மௌனம். பிறகு வரச் சொல்லி, கேமராவை வாங்கிக்கொண்டு 37,500 கொடுத்தார்கள். ஆறாயிரம் 'யூஸ் பண்ணதுக்கு' பிடித்தமாம். ஹம்பிப் பயணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, சண்டையை அதோடு விட்டேன்.

இந்த மாடல், ஜப்பான் சரக்கு, பழையது என்று சொல்லி 25,000க்கு விற்றிருந்தால் நானே யோசித்து வாங்கியிருப்பேன். பழையது வாங்குவது பாவமில்லை. யாராவது ஏற்காடு கோடை விழாவுக்கு முன் கேமரா வாங்குவதாக இருந்தால், காசு கைமாறும் முன் கடையிலேயே சீல் உடைக்கச் சொல்லுங்கள். மெனுவைப் பாருங்கள், எஃப்8 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள், சீரியல் நம்பர் போட்ட பில் கேளுங்கள். மறுத்தால் படி இறங்கிவிடுங்கள்.

போன வாரம் ஒரு வேலையாக அந்த மாடிக்குப் பக்கத்துக் கடைக்குப் போனேன். எனக்கு விற்றவர்களின் கண்ணாடி அலமாரியில் ஆர்எக்ஸ்100 பெட்டி ஒன்று, புதுப் பிளாஸ்டிக் தாள் சுற்றி நிற்கிறது. தாளுக்குள்ளே மூலையில் பச்சைப் பூனை.