ஏலகிரிக்கு எதை எடுப்பது: அம்பாசிடரா, பத்மினியா?

சென்னையிலிருந்து வேலூர், ஆம்பூர் வழியாக ஏலகிரி சுமார் 230 கிலோமீட்டர். கடைசியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஷெட்டில் பெட்ரோல் அம்பாசிடர் ஒன்றும் பிரீமியர் பத்மினி ஒன்றும் மாதக்கணக்காக நிற்கின்றன, பழைய கார் கிளப்பின் டிரைவுக்கு ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் அம்பாசிடரை எடுங்கள். ஓட்டச் சுகமானது பத்மினிதான்: எடை குறைவு, ஸ்டீயரிங் லேசு. ஆனாலும் நின்று கிடந்த வண்டிக்கு வழியில் ஏதாவது வரத்தான் செய்யும். அதை எது தாங்கும் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் சூடு. அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. பத்மினியின் 1089 சிசி எஞ்சினில் ஹெட் அலுமினியம். கூலன்ட் கலக்காமல் வெறும் தண்ணீரோடு நிறுத்திய வண்டியில் ரேடியேட்டர் குழாய்களில் உப்பு படிந்திருக்கும், அலுமினியமும் உள்ளே அரித்திருக்கும். மலைப்பாதையில் முன்னால் போகும் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது எஞ்சினோடு சுற்றும் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டதுமே ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டால் அம்பாசிடர் பெரும்பாலும் கிளம்பிவிடும். பத்மினியில் கொஞ்சம் அசந்தாலும் ஹெட் வளைந்து கேஸ்கெட் போய்விடும்; ஹெட்டைக் கழற்றி ஃபேஸிங் செய்யும் (தேய்த்துச் சமன்படுத்தும்) வேலை சாலையோரத்தில் ஆகாது. எந்த வண்டியானாலும் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

அடுத்தது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர். அம்பாசிடரில் இருக்கும் எஸ்.யூ. வகையில் ஒரே ஜெட் (பெட்ரோல் வரும் துளை), அதற்குள் ஏறி இறங்கும் ஊசி. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டக்'கென்று கீழே விழுந்தால் சரி. சிக்கினால் மேல்கூட்டைக் கழற்றிப் பெட்ரோலில் துடைத்து, நடுத்தண்டில் ஆயில் விட்டு மாட்டலாம். பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் ஐடில் ஜெட்டின் (வண்டி நிற்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் தருவது) துளை மிகச் சிறியது. பழைய பெட்ரோல் காய்ந்து பிசினானால் முதலில் அடைவது அதுதான். வேகத்தில் ஒழுங்காக ஓடும், சிக்னலில் நின்றதும் அணையும். ஜெட்டைக் கழற்றி ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி பெட்ரோல்-காற்றுக் கலவை கெடும்.

பெட்ரோல் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே கதிதான். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் பம்பு டயாஃப்ரத்தையும் ஊற வைக்கும், சூட்டில் சீக்கிரம் ஆவியாகும். டேங்கில் மிச்சமிருப்பதை வடித்துவிட்டு, எத்தனால் தாங்கும் ஹோஸ் மாட்டுங்கள். வழியில் வேப்பர் லாக் ஆனால் (பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வரத்தை அடைத்தால்) பம்பின் மேல் ஈரத்துணி சுற்றினால் போதும்.

பிரேக்கை மட்டும் ஒத்திப்போடாதீர்கள். இந்த வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் டிரம்தான், பழைய மாடல்களில் நான்குக்கும் சேர்த்து ஒரே பிரேக் ஃப்ளூயிட் சர்க்யூட். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலே நான்கும் போச்சு. டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள்; உள்ளே ஈரம் தெரிந்தால் அதன் ரப்பர் கிட்டை மாற்ற வேண்டும். பழைய ஃப்ளூயிடை முழுவதும் வெளியேற்றி, இடது பின்சக்கரத்தில் தொடங்கி குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். மலையிறங்குவதில் பத்மினிக்கே சாதகம், இழுத்துப் பிடிக்க வேண்டிய எடை குறைவு. அம்பாசிடரை செகண்ட் கியரிலேயே இறக்குங்கள். பெடலை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சுட்டுப் பிடிப்பு போய்விடும்.

ஸ்பேரிலும் அம்பாசிடருக்கே வசதி. 2014 வரை தயாரான வண்டி என்பதால் சென்னைப் புதுப்பேட்டை ஸ்பேர் கடைகளில் அலைச்சல் குறைவு. எதை எடுத்தாலும் ஃபேன் பெல்ட், பிளாட்டினம் பாயின்ட், கண்டென்சர், ரேடியேட்டர் ஹோஸ், 5 லிட்டர் தண்ணீர் டிக்கியில் இருக்கட்டும். டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணையும் பாருங்கள். 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரம். மேல்பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

டிரைவ் மாமல்லபுரம் வரைதான், காலையில் போய் மதியத்துக்குள் திரும்புவது என்றால் தயங்காமல் பத்மினியை எடுங்கள். ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) சமதளம், சூட்டுப் பிரச்சினை அவ்வளவாக வராது. இருட்டிவிடும் என்றால் மட்டும், டைனமோ வைத்த வண்டியா என்று பாருங்கள்: ஐடிலில் டைனமோ சார்ஜ் ஏற்றாது, ஹெட்லைட் போட்டுக்கொண்டு நெரிசலில் நின்றால் பேட்டரி இறங்கிவிடும்.