குளிர் தாங்கும் ஆர்கிட் என்று விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

குளிர் பிரதேசத்தில் இருந்துகொண்டு, கோடைக்கு ஆர்கிட்டை வெளியே வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆன்லைன் நர்சரி ஒன்றில் ஒரு ஆர்கிட்டுக்கு "குளிர் தாங்கும் டென்ட்ரோபியம், கோடை முழுக்க வெளியில் விடலாம்" என்று போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் கோடையிலும் இரவில் 9, 10 டிகிரிக்கு இறங்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டேன். "தாராளமாக விடலாம்" என்று பதில் வந்தது.

நம்பி வாங்கி வெளியே வைத்தேன். சில குளிர்ந்த இரவுகளிலேயே இலைகள் மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்தன. கேட்டால், "தண்ணீர் அதிகமாக ஊற்றியிருப்பீர்கள்" என்றார்கள். தொட்டியைப் பிரித்துப் பார்த்தேன். வேர்களுக்கு நடுவே ஈரம் ஊறிய ஸ்பேக்னம் பாசி உருண்டை, மேலே மட்டும் மரப்பட்டைத் துண்டுகள். அப்படி நட்டு அனுப்பியது அவர்கள்தான். படம் அனுப்பினேன், அப்புறம் பதிலே இல்லை.

பெரிய ஏமாற்று வேறு. டென்ட்ரோபியம் என்பது ஒரே குணமுள்ள செடி இல்லை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பேரினம். விளம்பரப் படத்தில் இருந்தது நோபிலி வகை: தண்டு நெடுகக் கணுக்களில் பூக்கும், குளிர்ந்த இரவுகளை விரும்பும். எனக்கு வந்த செடியில் பழைய பூங்காம்பின் காய்ந்த மிச்சம் தண்டின் நுனியில் இருந்தது. அது டென்-பால் என்று சொல்கிற வெப்பமண்டல வகை. இரவு 15 டிகிரிக்குக் கீழே போனாலே அதற்கு ஆகாது. செடி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆகவே "குளிர் தாங்கும்" என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். செடியின் முழுப் பெயரையும், இரவில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள். கோடையில் வெளியே வைக்கத்தான் வேண்டும் என்றால் சிம்பிடியம் என்ற ஆர்கிட் நல்ல தேர்வு. கோடைக் கடைசியின் குளிர்ந்த இரவுகள்தான் அதற்குப் பூங்காம்பு விடவே உதவும். அதையும் எடுத்தவுடன் நேர்வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகிவிடும், முதல் இரண்டு வாரம் நிழல் வேண்டும்.

கார்டில் பணம் கட்டியிருந்ததால் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். அவர்களின் அந்தப் பதிலையும் விளம்பரப் படத்தையும் சேமித்து வைத்திருந்தது இப்போது உதவுகிறது. செடி இப்போது வீட்டுக்குள், புது மரப்பட்டையில் இருக்கிறது. இரண்டு தண்டுகள் இன்னும் பச்சையாக இருக்கின்றன.