ஒரு மரபணு போதுமா, முழு பாக்டீரியாவே வேண்டுமா?

பேசில்லஸ் சப்டிலிஸ் எந்த மண்ணிலும் கிடக்கும் சாதாரண பாக்டீரியா. மக்காச்சோளம் வறட்சி தாங்க இதை இரண்டு விதமாகப் பயன்படுத்தப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று, அதன் ஒரே ஒரு மரபணுவை எடுத்துச் செடிக்குள் வைப்பது. மற்றொன்று, பாக்டீரியாவையே வேரில் குடியேற்றுவது. தென்னாப்பிரிக்காவில் டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் மழையை நம்பி மீலீஸ் (மக்காச்சோளம்) போடுகிறவருக்கு எது கைகொடுக்கும்?

முதலில் மரபணு. சி.எஸ்.பி.பி. என்ற அந்த மரபணு, குளிரைச் சமாளிக்க அந்தப் பாக்டீரியா வைத்திருக்கும் ஏற்பாடு. குளிரில், மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. இழை முறுக்கிக்கொள்ளும், இந்த மரபணு உண்டாக்கும் புரதம் சிக்கெடுத்துவிடும். மக்காச்சோளத்தில் அதே வேலை நீர்ப் பற்றாக்குறையின்போது நடக்கிறது. இந்த மரபணுவைப் புகுத்திய மான் 87460 என்ற மக்காச்சோளத்துக்குத் தென்னாப்பிரிக்காவில் 2015இல் கிடைத்த அனுமதியை, 2024 அக்டோபரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அனுமதி இருந்திருந்தாலும் பெரிதாக ஆசைப்பட ஒன்றுமில்லை: சாதாரண இனக்கலப்பில் வந்த நல்ல வறட்சி ரகங்களைவிட இது மேல் என்று அமெரிக்க வேளாண் துறையே சொல்லவில்லை.

அந்தக் கலப்பின ரகங்களின் பலம் ஒரு மரபணுவில் இல்லை, பலவற்றில் பிரிந்து கிடக்கிறது. விதை வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஆண் பூ மகரந்தம் கொட்டுவதற்கும் கதிரில் பட்டு நூல் வெளிவருவதற்கும் எத்தனை நாள் இடைவெளி? நீர் இருந்தால் ஓரிரு நாள். வறட்சியில் நூல் நீளத் தண்ணீர் போதாமல் தாமதமாகும். அது தலைநீட்டும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். உரித்துப் பார்த்தால் கதிர் பல் விழுந்த வாய் போல இருக்கும். பூக்கும் காலத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் காய்ந்தால் வேறெதுவும் ஈடுசெய்யாது.

பாக்டீரியா அந்த இரண்டு வாரத்தைக் காப்பாற்றாது. அதன் பங்கு நாற்றுப் பருவத்தில். பேசில்லஸ் மட்டுமல்ல, வேரில் குடியேற்ற வேறு பாக்டீரியாக்களும் உண்டு. அவற்றில் அசோஸ்பைரில்லம் வேர்முடிகளைக் கூட்டும். சூடோமோனாஸ் வகைகள் சில, செடியின் வளர்ச்சியை அடக்கும் எத்திலீன் என்ற ஹார்மோன் உண்டாக மூலப்பொருளான ஏ.சி.சி.யை ஒரு நொதியால் உடைத்துவிடும், எத்திலீன் குறைந்தால் வேர் வளர்ச்சி தடைபடாது. எல்லா இனத்திலும் இந்த நொதி கிடையாது. 'வேர் பாக்டீரியா' என்று மட்டும் எழுதி, இனப்பெயரும் உயிரணு எண்ணிக்கையும் காலாவதித் தேதியும் போடாத பாக்கெட்டை வாங்காதீர்கள்.

அளவுக்கு, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேர் விதைக்கு 600 கிராம் அசோஸ்பைரில்லம்: ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். இங்கே இடறுவது வேறிடம். கடை விதை பெரும்பாலும் சிவப்பாகப் பூஞ்சைக்கொல்லி பூசி வருகிறது. கேப்டான், திரம் மேல் பாக்டீரியாவைப் பூசினால் பெரும்பகுதி செத்துப்போகும். அப்படிப்பட்ட விதைக்கு, பாக்டீரியாவை மட்கிய எருவில் கலந்து சாலில் இடுவதே சரி. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரைத் திறந்த வாளியில் ஓர் இரவு வைத்த பிறகே கலக்க வேண்டும். வெயிலில் வண்டியில் கிடந்த பாக்கெட்டில் அசோஸ்பைரில்லம் தங்காது. பேசில்லஸ் வித்தாக மாறி இருப்பதால் தாங்கும்.

எங்கள் வரிசை இதுதான். முதலில் சுண்ணாம்பு: புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கட்டையாக்கிவிட்டால் பாக்டீரியாவுக்குப் பிடிக்க வேரே இருக்காது. அடுத்து ரகம். மூன்றாவதாக, செலவு குறைவு என்பதால் பாக்டீரியா. தழைச்சத்தை வாரிக் கொட்டினால் அதன் பயன் மங்கிவிடும்.

பாக்டீரியா பலன் தருகிறதா என்று ஒப்பிட, நாலு சாலில் மட்டும் அதைப் போடாமல் விடுங்கள். மூன்றாம் வாரம் இரண்டு பக்கமும் ஐந்தைந்து செடியை மண்வெட்டியால் தோண்டி எடுத்து உதறுங்கள்: வேரில் மண் உறைபோல ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அறுவடையில் இரண்டையும் தனித்தனியே எடை போடுங்கள்.