முதல் பைக்: பழைய ஸ்ப்ளெண்டரா, புது 150ஆ?

புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்பவர் எந்த பைக் வாங்கலாம் என்று சென்னையில் யாரிடம் கேட்டாலும் மூன்று பதில்களில் ஒன்றுதான் வரும். செகண்ட் ஹேண்டில் ஹீரோவின் நூறு சிசி ஸ்ப்ளெண்டர் ஒன்றை எடுத்துப் பழகு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். எப்படியும் நாளைக்கு மாற்றத்தானே போகிறாய், இப்போதே 150 சிசியில் புதுசாக எடுத்துவிடு என்பார்கள். மூன்றாவது, புல்லட். நான் முதல் பதிலைக் கேட்டு 2019 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ் வாங்கி, அதிலேயே கற்று, அதிலேயே எட்டு போட்டு லைசென்ஸ் எடுத்தவன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

மைலேஜ், விலை, தோற்றம் பற்றியெல்லாம் நீட்டி முழக்கப் போவதில்லை. நூறு சிசி வண்டி பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், 150 பார்க்க நன்றாக இருக்கும், எல்லோருக்கும் தெரிந்ததே. ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர் நல்ல வண்டிதான், ஆனால் அதில் டெஸ்ட் கொடுத்தால் கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ்தான் கையில் வரும். பைக் ஓட்டுவது நோக்கம் என்றால் அது வேறு பாதை. புல்லட்டைப் பொறுத்தவரை, 1956 முதல் திருவொற்றியூரில் தயாரான வண்டி என்பதால் நமக்கு அதன் மேல் தனிப் பாசம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் புல்லட் 350-இன் எடை 195 கிலோ. கிளட்ச்சை எங்கே விடுவது என்று கைக்கே இன்னும் பிடிபடாத நிலையில் அதை சிக்னலில் ஒரு காலில் தாங்கி நிற்பது தேவையில்லாத வேலை. இரண்டாவது வண்டியாக வாங்கிக்கொள்ளலாம்.

ஆக, உண்மையான போட்டி பழைய ஸ்ப்ளெண்டருக்கும் புது 150-க்கும்தான். 150 என்று நான் சொல்வது யமஹா எஃப்இசட், பல்சர் வகையறா. இந்தப் போட்டியில் மற்ற எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது ஒன்றே ஒன்று: வண்டி கீழே விழுந்தால் அதை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவர என்ன செலவு, எத்தனை நாள்?

கற்றுக்கொள்பவர்கள் வேகத்தில் விழுவது அபூர்வம். பெரும்பாலும் நிற்கும்போதுதான் வண்டி சாயும். யூ டர்னில் பாதி திரும்பும்போது ஆஃப் ஆகும், ஹேண்டில்பார் திரும்பியே இருக்கும், ஊன்றிய காலுக்குக் கீழே மணல் இருக்கும், அவ்வளவுதான், வண்டி மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து படுத்துவிடும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது. வண்டிக்கு என்ன ஆகும் என்பதில்தான் வித்தியாசம் தெரியும். ஸ்ப்ளெண்டர் என்றால் கிளட்ச் லீவர் வளையும் அல்லது நுனி உடையும், ஒரு இண்டிகேட்டர் போகும், ஃபுட்ரெஸ்ட் கொஞ்சம் உள்ளே மடங்கும். லீவர் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். தெருமுனை மெக்கானிக் ஃபுட்ரெஸ்ட்டுக்குள் ஒரு பைப்பைச் செருகி நிமிர்த்திவிட்டு, முன்சக்கரத்தைத் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கி ஹேண்டில்பாரை ஒரு திருகு திருகி நேராக்குவார். கால் மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு வரை போக வேண்டியதுகூட இல்லை, எந்த ஏரியா ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் இதெல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும்.

அதே சாய்வு புது 150-க்கு என்றால் கணக்கே வேறு. டேங்க்கின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பேனல்தான் முதலில் தரையில் உரசும். அது பெயின்ட் அடித்த பாகம், முழுதாகத்தான் மாற்ற வேண்டும், பல நேரம் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். எல்இடி ஹெட்லைட் உடைந்தால் பல்பை மட்டும் மாற்ற முடியாது, முழு செட்டையும் மாற்ற ஆயிரக்கணக்கில் போகும். இன்சூரன்ஸில் கேட்கலாம்தான், ஆனால் சின்னச் சின்ன கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போட்டால் அடுத்த வருட பிரீமியத்தில் கிடைக்க வேண்டிய தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், போய்விடும்.

இதில் பணத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. கீறல் விழுந்துவிடுமோ என்று பயப்படுபவர் வண்டியை எடுக்க மாட்டார். நெரிசலில் எடுக்க மாட்டார், மழையில் எடுக்க மாட்டார், குறுகலான தெருவில் திருப்பிப் பார்க்க மாட்டார். என் நண்பன் ஒருவன் புது 150 வாங்கி, முதல் மாதத்தில் ஒருமுறை பார்க்கிங்கிலேயே சாய்த்தான். அதன்பிறகு ஞாயிறு காலை காலி ரோட்டில் மட்டும் ஓட்டுகிறான். கை எப்படிப் பழகும்? ஏற்கெனவே நாலு கீறல் உள்ள வண்டியில் அந்த பயமே வராது. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ வண்டி, சீட்டும் உயரமில்லை, இரண்டு காலையும் ஊன்ற முடியும். சமதளத்தில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் மெல்ல விட்டாலே நகரும். எட்டு போடக் கற்க இதைவிடத் தோதான வண்டி எனக்குத் தெரியவில்லை.

பராமரிப்பிலும் இதே கதைதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு புது பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. குளிர்காலக் காலையில் சோக் இழுக்காமல் ஒரே பட்டனில் ஸ்டார்ட் ஆகும், அது நிஜமான சுகம், மறுக்க மாட்டேன். ஆனால் மீட்டரில் இஞ்சின் செக் லைட் எரிந்தால் பழுதைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்தைத் தேட வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் இல்லாமல் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் உள்ள என் ஸ்ப்ளெண்டர் மாதிரி பழைய வண்டிக்கு அந்த அலைச்சல் கிடையாது. தெருவில் தேங்கிய மழைத் தண்ணீரில் என் வண்டி ஒருமுறை நின்றுவிட்டபோது மெக்கானிக் செய்தது இவ்வளவுதான்: கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, தண்ணீர் கலந்த பெட்ரோலை வெளியே விட்டார், பிளக்கைக் கழற்றித் துடைத்து ஊதி மாட்டினார், நாலு கிக் அடித்தார். இன்று பல 150களில் கிக்கரே கிடையாது, பேட்டரி இறங்கினால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இனி ஸ்ப்ளெண்டரின் குறைகள். முதலாவது பிரேக். இரண்டு சக்கரத்திலும் டிரம்தான், சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம், பதற்றத்தில் முன்பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும் புதியவருக்கு அது பெரிய பாதுகாப்பு. இந்த ஒரு விஷயத்தில் 150 தெளிவாக ஜெயிக்கிறது. அதே 2019 ஏப்ரலிலிருந்து சின்ன வண்டிகளிலும் பின்பிரேக்கை மிதித்தால் முன்பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு வந்துவிட்டது. அதனால்தான் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்6-க்கு முந்தைய வண்டியைத் தேடச் சொல்வேன். அந்த பிரேக்கும் இருக்கும், கார்புரேட்டரும் இருக்கும்.

இரண்டாவது குறை, கியர் போடும் முறை. ஸ்ப்ளெண்டரில் நாலு கியரும் முன்னால் மிதித்தே விழும். 150களில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. இதில் பழகிய கால், அங்கே மூன்றாவதிலிருந்து நான்குக்குப் போவதாக நினைத்துக் கீழே மிதித்தால் வண்டி இரண்டாவதுக்கு இறங்கி ஒரு குலுக்கு குலுக்கும். மாறும்போது முதல் சில நாள் காலி ரோட்டில் ஓட்டிப் பழகிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் வாஷர்களையும் வாங்கியவுடன் புதிதாக மாற்றிவிடுங்கள், வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்காதீர்கள்.

வாங்கும்போது இஞ்சின் சூடாக இருந்தால் தொடாதீர்கள், ஆறட்டும் என்று சொல்லி உட்காருங்கள். ஆறிய இஞ்சினை நீங்களே கிக் அடித்து ஸ்டார்ட் செய்து, சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள், வந்தால் ஆயில் எரிகிறது. மெயின் ஸ்டாண்டு போட்டு ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினால் நடுவில் எங்கேயும் மாட்டக்கூடாது. ஆர்சி புக்கில் உள்ள இஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும், லோன் இருந்திருந்தால் ஆர்சியில் லோன் கொடுத்தவர் பேரில் இருக்கும் பதிவு, அதாவது எச்.பி., கேன்சல் ஆகியிருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

விற்கும்போதும் இந்தக் கணக்கு கைகொடுக்கும். புது வண்டிக்குக் கட்டிய சாலை வரி, பதிவுக் கட்டணம், ஐந்து வருட தேர்டு பார்ட்டி பிரீமியம் எதுவும் விற்கும்போது முழுதாகத் திரும்பாது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் புது வண்டி விலை இறங்கியது உண்மைதான், ஆனால் ஓரிரு வருடத்தில் மாற்றப்போகிறவருக்கு இந்த இழப்பு அப்படியேதான் நிற்கிறது. பழைய ஸ்ப்ளெண்டர் விழ வேண்டிய விலையெல்லாம் முந்தைய ஓனரிடமே விழுந்து முடிந்தது. கேட்டு வருபவர்களும் எப்போதும் இருப்பார்கள்.

நெடுஞ்சாலை பற்றி நான் அதிகம் பேச முடியாது, என் ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள்தான். ஆனால் தாம்பரத்திலிருந்து மறைமலைநகர் வரை தினமும் ஜி.எஸ்.டி. சாலையில் (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) வேலைக்குப் போகிறவர், பக்கத்தில் லாரி கடக்கும்போது லேசான வண்டி ஆடுவதை உணர்வார், ஓவர்டேக் செய்ய பிக்கப்பும் பத்தாது. அப்படிப்பட்டவர் 150 எடுப்பதே சரி. எடுத்தால் ஷோரூமிலேயே கிராஷ் கார்டு போட்டுக்கொள்ளுங்கள், லைசென்ஸ் வரும்வரை பழகுவதற்கு மட்டும் யாரிடமாவது ஒரு நூறு சிசி வண்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.